சாத்தூரைப் பார்க்காத சேவு

சங்கரன்கோவில் தேரடியில் இருந்த சுயம்புலிங்கம் மிட்டாய்க்கடையில் யாரும் மிட்டாய் வாங்குவதில்லை. சாத்தூர் சேவுதான் வாங்குவார்கள். சுண்டுவிரல் பருமனில், வற்றல் மிளகாய் நிறத்தில், பூண்டு மணக்க இருக்கும் அந்தச் சேவு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சாத்தூரிலிருந்து வரும் பஸ்ஸின் கூரைமேல் நான்கு தகர டின்களில் வந்து சேரும். டின்களோடு சுயம்புலிங்கமும் இறங்குவார். அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அதிகம். கூட்டம் டின்களைப் பார்க்கும். பார்த்ததும் அதற்குப் பசிக்கும்.

சேவு சாத்தூரில் செய்யப்படவில்லை என்பது மூன்று பேருக்குத் தெரியும். முதல் ஆள் சுயம்புலிங்கம். இரண்டாவது, அவர் மனைவி ஞானபூரணம். வியாழக்கிழமை முழுவதும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து அதைச் செய்பவளே அவள்தான். மூன்றாவது, பஸ் கண்டக்டர் மூக்காண்டி. வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுயம்புலிங்கம் டின்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பின்வாசல் வழியாகக் கிளம்பி, திருவேங்கடம் ரோட்டில் இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போவார். அங்கே ஒரு புளியமரத்தில் வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, சாத்தூர் பஸ் வந்ததும் டின்களோடு ஏறி, போன வழியே ஊருக்குத் திரும்புவார். மூக்காண்டி இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். வாராவாரம் அரைக் கிலோ என்பது இன்னொரு காரணம்.

இதைத் திட்டமிட்டுச் செய்த மோசடி என்று சொல்ல முடியாது. கடை திறந்த புதிதில் சுயம்புலிங்கம் 'சங்கரன்கோவில் சேவு' என்று எழுதிவைத்து யோக்கியமாகத்தான் விற்றார். விற்றார் என்பதுகூடப் பிழை. வைத்திருந்தார். பிறகு ஒருநாள் திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோன சேவில் ஒரு டின் மிஞ்ச, அதைத் தூக்கிக்கொண்டு சாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். யாரோ, "என்ன அண்ணாச்சி, சாத்தூர் சேவா?" என்று கேட்டார்கள். சுயம்புலிங்கத்துக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. பேசாமல் இருந்தார். டின் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி காலியாகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் தொண்டை சரியாகிவிட்டது. ஆனாலும் அவர் பேசவில்லை. இப்படியே இருபது வருடம் ஓடியது.

எழுபத்தெட்டாம் வருடம் பொட்டலங்களைச் சட்டம் பிடித்தது. முன்கூட்டியே கட்டி வைத்து விற்கும் எந்தப் பொட்டலமானாலும், செய்தவர் பெயர், செய்த ஊர், எடை, கட்டிய மாதம், விலை எல்லாம் அதன்மேல் இருக்க வேண்டும் என்று விதி வந்திருந்தது. அதை அமல்படுத்த முத்திரை ஆய்வாளர் துரைப்பாண்டி வந்து சேர்ந்தார். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடுகிற ஆபீசர். வயது இருபத்தெட்டு, முகத்துக்கு ஐம்பது. கடைகளில் தேநீர் கொடுத்தால் குடிக்கமாட்டார். குடிக்காததற்கு நன்றி சொல்வார். ஊர் வியாபாரிகளுக்கு இப்படி ஒரு ஆபீசரை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. பிடிப்பதற்குக் காதைத் தவிர வேறு இடம் இல்லை, கெஞ்சினால் அதையும் அவர் கொடுப்பதில்லை.

ஆடித் தபசுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் சுயம்புலிங்கத்தின் கடைக்கு வந்தார். தபசுத் திருவிழா என்றால் ஊர் ஊராய் ஜனம் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் தராசைப் பிடித்து எடைபோட முடியாது என்பதற்காக, சுயம்புலிங்கம் அந்த வருடம்தான் பாலிதீன் கவரில் கால் கிலோ கால் கிலோவாகக் கட்டி அடுக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு கவருக்குள்ளும் 'சாத்தூர் சேவு' என்று சிவப்பு மையில் அச்சடித்த சீட்டு.

துரைப்பாண்டி ஒரு பொட்டலத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது எவ்வளவு எடை?"

"கால் கிலோ சார். கையில எடுத்தாலே தெரியும்."

"என் கைக்குத் தெரியுது. கவருல இல்லயே. எந்த மாசம் கட்டுனது?"

"போன வாரம் சார். புதுசு. நொறுக்கிப் பாருங்க."

"நொறுக்குனா மாசம் தெரியுமா அண்ணாச்சி? சரி. செஞ்சது யாரு?"

சுயம்புலிங்கம் மேலே பார்த்தார். மேலே பல்லி இருந்தது.

"சாத்தூர்ல ஒரு அம்மா சார்."

கடையில் அப்போது எதிர்க்கடை வேல்சாமி நின்று சேவு தின்றுகொண்டிருந்தார். பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஆனால் ஊருக்குள் அவருடைய மதிப்பு சேவில் இருந்தது. ஒரு சேவை வாயில் போட்டால் அதில் சாத்தூர் வைப்பாற்றுத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அந்த அம்மா பேரு?"

நெருக்கடியில் ஒரு மனிதனுக்கு எத்தனை பெண்களின் பெயர் ஞாபகம் வரும்? சுயம்புலிங்கத்துக்கு ஒன்றுதான் வந்தது.

"ஞானபூரணம்."

வேல்சாமி வாயிலிருந்ததை மெல்லாமலே விழுங்கினார்.

"தெரு?"

"பஸ் ஸ்டாண்டுல இறங்குனா நடந்தே போயிரலாம் சார்."

"வாங்குனவன் ஒரு கார்டு எழுதிப் போட்டா அது செஞ்சவங்க கையில போய்ச் சேரணும் அண்ணாச்சி. 'நடந்தே போயிரலாம்'னு எழுதுனா தபால்காரன் நடப்பானா?" துரைப்பாண்டி நோட்டை மூடினார். "வாற வெள்ளிக்கிழம சரக்கெடுக்கப் போவியல்லா? நானும் கூட வாரேன். அந்த அம்மாகிட்ட விதியச் சொல்லிட்டு வந்திருவோம். தபசுக்குள்ள லேபிள் வந்துட்டா சரி. வரலன்னா இந்தப் பொட்டலம் பூராவும் சீல் வச்சிருவேன்."

அவர் போனபிறகு வேல்சாமி சுயம்புலிங்கத்தின் தோளில் கை வைத்தார். இருபது வருடப் பழக்கத்தில் அதுவரை அவர் கை வைத்ததில்லை.

"ஏன்வே, எங்ககிட்டச் சொல்லக்கூடாதா? வாரவாரம் போனீரு, சரி. இருந்தாலும் ஒரே பேருலயா?"

மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சுயம்புலிங்கத்துக்குச் சாத்தூரில் இன்னொரு குடும்பம். ஆளை மாற்றினாலும் பேரை மாற்றவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனிதர் என்று சிலர் சொன்னார்கள். தூக்கத்தில் பேர் சொல்லி உளறினாலும் ஆபத்தில்லை என்று வேறு சிலர் அவருடைய முன்யோசனையை மெச்சினார்கள்.

ஞானபூரணத்துக்கு அது சாம்பார் வடிவத்தில் வந்தது. வேல்சாமியின் மனைவி சுந்தரம்மாள் ஒரு தூக்குச்சட்டியில் முருங்கைக்காய்ச் சாம்பாரோடு வந்து, சட்டியைக் கீழே வைத்து, ஞானபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசத் தளரவிடாத ஞானம். ஆம்பளைய அப்படித்தான். நீ ஒரு வாய் சாப்புடு."

"எதுக்குக்கா சாம்பாரு? நான் வச்சிருக்கேன்லா."

"வச்சிருப்ப. எறங்குமா?"

மறுநாளும் சாம்பார் வந்தது. அதற்கு மறுநாள் வேறு வீட்டிலிருந்து புளிக்குழம்பு வந்தது. வியாழக்கிழமை, மாவும் மிளகாயும் பூசிய கையோடு கணவன் முன்னால் வந்து நின்றாள் ஞானபூரணம்.

"இங்கேருங்க. சேவு சுட்டுச் சுட்டு என் கையி வெந்து கெடக்கு. தெருவுல போனா எல்லாவளும் எனக்கு எழவு வீட்டு மொகத்தக் காட்டுதா. நான் செஞ்ச சேவத் தின்னுக்கிட்டே, அதச் செஞ்சவ நாசமாப் போவான்னு ஏசுதா. எனக்கு முன்னாலயே! நான் எந்தப் பக்கம் நிக்க?"

"தபசு முடியட்டும்ட்டி. இப்பம் விசயம் வெளிய வந்துச்சுன்னா கடை போச்சு. நம்ம ஊர்ல செஞ்சதுன்னு தெரிஞ்சா எவனாவது வாங்குவானா? மொத வருசம் பாத்தல்லா, எறும்புகூட வரல."

"அப்ப நாளைக்குச் சாத்தூர்ல போயி யாரக் காட்டுவிய?"

அதைப் பற்றிச் சுயம்புலிங்கமும் நான்கு நாளாக யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணி பஸ்ஸில் துரைப்பாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் நோட்டு. பக்கத்தில் சுயம்புலிங்கம், மடியில் ஒன்றுமில்லை. மூக்காண்டி டிக்கெட் கட்டோடு வந்தார்.

"எங்கன எறங்கணும் அண்ணாச்சி? புளிய..."

"சாத்தூரு!" என்று சுயம்புலிங்கம் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நீரு சாத்தூருக்கா?" மூக்காண்டியின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "யாரும் தவறிட்டாங்களாவே?"

"சரக்கெடுக்கப் போறேன். வாரவாரம் போறதுதான!"

மூக்காண்டி ஜன்னலோரத்தைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். அரைக் கிலோவை நினைத்துக்கொண்டார்.

"ஆமால்லா. வாரவாரம் போறவரு. நான் ஒரு கூறுகெட்டவன்," என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.  

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுயம்புலிங்கம் ஊரை ஒருமுறை பார்த்தார். தனக்கு இருபது வருடமாகச் சோறு போட்ட ஊர். பார்ப்பதற்கு எல்லா ஊரையும் போலத்தான் இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார் துரைப்பாண்டி.

"இந்தப் பக்கம்."

நடந்தார்கள். வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகளைத் தாண்டினார்கள். வீடுகள் குறைந்தன. ரோடு முடிந்த இடத்தில் வைப்பாறு இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. மணல் நிறைய இருந்தது.

"ஆத்துக்குள்ளயா அண்ணாச்சி வீடு?"

"வீட்ட மாத்திட்டாவ போலிருக்கு சார்."

திரும்பிக் கடைத்தெருவுக்கு வந்தார்கள். சேவுக் கடைகள் வரிசையாக இருந்தன. துரைப்பாண்டி கடமை உணர்ச்சியுள்ளவர். அந்த அம்மா எந்தக் கடைக்காவது சரக்குக் கொடுக்கக்கூடும் என்று, ஒவ்வொரு கடையிலும் ஐம்பது கிராம் வாங்கி, காசு கொடுத்து, கண்ணை மூடித் தின்று பார்த்தார். பழக்கதோஷத்தில் பொட்டலங்களைத் திருப்பி விலாசம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சாத்தூர் தன் எல்லைக்குள் வராது என்பது ஞாபகம் வந்து, வருத்தத்தோடு கீழே வைப்பார்.

"இதுல பூண்டு கொறவு. அந்த அம்மா கையி இது இல்ல."

அடுத்த கடை.

"இது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல."

ஏழாவது கடையில் அவர் மென்று முடித்து, கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"அண்ணாச்சி, உங்க கடையில தின்ன சேவு இந்த ஊர்லயே இல்லயே."

சுயம்புலிங்கத்துக்குக் கால் வலித்தது. இந்த ஊரில் இன்னும் எத்தனை தெரு இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி ஒன்றை ஆபீசரிடம் கொடுத்தார். அவர் அதற்கும் காசு கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு சுயம்புலிங்கம் தொண்டை கட்டிய வாரத்திலிருந்து ஆரம்பித்து, டின், தள்ளுவண்டி, புளியமரம், மூக்காண்டி என்று ஒன்று விடாமல் சொன்னார்.

துரைப்பாண்டி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு நோட்டைத் திறந்தார்.

"கதவு எண்?"

"என்ன சார்?"

"உங்க வீட்டுக் கதவு எண். விதியில பஸ்ஸப் பத்தி ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. டின்னு எங்கன ஏறுச்சு, எங்கன எறங்குச்சுன்னு எனக்கு வேண்டாம். செஞ்சவங்க பேரும் செஞ்ச எடமும் வேணும். பேருதான் அன்னைக்கே உண்மையாச் சொல்லிட்டியள."

"சாமி, நம்ம ஊருப் பேரப் போட்டா நாய்கூடத் திங்காது!"

"நான் தின்னேன்," என்றார் துரைப்பாண்டி. அவர் குரலில் லேசாக வருத்தம் இருந்தது.

அன்று மத்தியான பஸ்ஸில் சுயம்புலிங்கம் டின் இல்லாமல் இறங்கியதை ஊர் பார்த்தது. சாத்தூர்க்காரி சரக்குக் கொடுக்காமல் விரட்டிவிட்டாள் என்றும், விவகாரம் ஆபீசர் வைத்துப் பஞ்சாயத்துப் பேசும் அளவுக்கு முற்றிவிட்டது என்றும் தீர்மானித்தது.

திங்கட்கிழமை புதுச் சீட்டு அச்சாகி வந்தது. ஞானபூரணமே பிரஸ்ஸுக்குப் போய், தன் பெயர் எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, கூடவே நின்று அச்சடித்து வாங்கி வந்தாள். காரச் சேவு. செய்பவர்: சு. ஞானபூரணம். கதவு எண் பதினான்கு, தேரடித் தெரு, சங்கரன்கோவில். எடை, மாதம், விலை எல்லாம் விதிப்படி. ராத்திரி முழுவதும் உட்கார்ந்து எல்லாக் கவரிலும் சீட்டை மாற்றினார்கள். கடைப் போர்டிலிருந்த 'சாத்தூர்' என்ற எழுத்தைச் சுயம்புலிங்கம் சுண்ணாம்பு தடவி மறைத்தார். மறைத்துவிட்டுக் கல்லாவில் வந்து உட்கார்ந்து, உலகம் அழிவதற்காகக் காத்திருந்தார்.

வேல்சாமிதான் முதலில் வந்தார். ஒரு பொட்டலத்தை எடுத்தார், படித்தார், மறுபடியும் படித்தார்.

"ஏன்வே, கூட்டிட்டே வந்துட்டீரா?"

"யார?"

"சாத்தூர்க்காரியத்தான். கதவு எண் பதினாலுன்னு உம்ம வீட்டு நம்பரே போட்டிருக்கு!"

"அது இவதான் அண்ணாச்சி. என் பொஞ்சாதி. இவதான் செய்யுதா. இருவது வருசமா இவதான் செஞ்சா."

வேல்சாமி அவரை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு மனிதன் தப்பை மறைக்க எவ்வளவு தூரம் போவான் என்று எண்ணிப் பார்த்தவர்போல் இருந்தது.

"வே, எங்கிட்டயா? இந்தச் சேவுல வைப்பாத்துத் தண்ணி ஓடுது. நான் தின்னு சொல்லுதேன். சட்டத்துக்குப் பயந்து நீரு வீட்டம்மா பேர அடிச்சிருக்கீரு. ஒண்ணுமறியாத பொம்பளைய மாட்டிவிடுதீரே, இது நியாயமா?"

இருபது வருடமாக ஒரு வார்த்தையும் பேசாமல் ஊரை நம்பவைத்த சுயம்புலிங்கத்தால், உண்மையை அச்சடித்துக் கொடுத்து ஒரு ஆளை நம்பவைக்க முடியவில்லை. கடைக்கு வந்தவர்கள் பொட்டலத்தைப் படித்துவிட்டு, பொய் லேபிள் ஒட்டுகிற கடை என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு பொட்டலம் போனது. புதன்கிழமை ஒன்று. அதைத் துரைப்பாண்டியிடம் கொடுப்பதற்காக எழுதிய ஒரு மனுவோடு இணைப்பதற்காக வேல்சாமி வாங்கியிருந்தார். முப்பத்து நான்கு பேர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

'ஐயா, மேற்படி பொட்டலத்தில் உள்ள சரக்கு மேற்படி அம்மையாரால் இவ்வூரில் செய்யப்பட்டதாக அச்சிடப்பட்டுள்ளது. மேற்படி அம்மையாரை நாங்கள் இருபது வருடங்களாக அறிவோம். அவர் குணவதி. சேவு செய்யும் பழக்கம் அவரிடம் கிடையாது. உள்ளே இருப்பது அசல் சாத்தூர்ச் சரக்கு என்பதைத் தின்று பார்த்து உறுதி செய்துள்ளோம். தின்றது போக மீதி இணைக்கப்பட்டுள்ளது.'

துரைப்பாண்டி இதுவரை பார்த்த புகார்களெல்லாம், மட்டச் சரக்கை அசல் என்று சொல்லி விற்கிறார்கள் என்பதாக இருந்தன. அசல் சரக்கை உள்ளூர்ச் சரக்கு என்று சொல்லி விற்கிறார்கள் என்ற புகார் புதிது. ஆனால் விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். லேபிள் பொய் என்றால் சரக்குக்கு சீல். நிரூபிக்கப்படாமல் அவரால் மனுவை மூடவும் முடியாது. தபசுக்கு மூன்று நாள் இருந்தது. அவர் கடைக்கு வந்து, விஷயத்தைச் சொல்லி, செய்முறையை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

சுயம்புலிங்கம் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஞானபூரணம் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அடுப்படிக்குள்ள நீங்க ஒருத்தர் பாத்தா மத்தவங்க நம்புவாங்களா சார்? கடைக்கு முன்னாலயே அடுப்ப வைக்கேன். கையெழுத்துப் போட்ட முப்பத்து நாலு பேரையும் வரச் சொல்லுங்க."

வியாழக்கிழமை நான்கு மணிக்கு முப்பத்து நான்கு பேரும் வந்தார்கள். கையெழுத்துப் போடாத இருநூறு பேரும் வந்தார்கள். வேல்சாமிக்கும் துரைப்பாண்டிக்கும் மட்டும் ஸ்டூல் போடப்பட்டது. மூக்காண்டிக்கு அன்று ஓய்வு நாள். சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பின்னால் நின்றார்.

ஞானபூரணம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கடலை மாவையும் அரிசி மாவையும் கலந்தாள். அரைத்த வற்றலும் பூண்டும் உப்பும் போட்டு, ஒரு கரண்டி காய்ந்த எண்ணெயை மேலே விட்டாள். மாவு சுர்ரென்றது. முன்வரிசை ஒரு அடி முன்னால் வந்தது.

"தண்ணி எங்க உள்ளது?" என்று வேல்சாமி கேட்டார்.

"நம்ம தெருக் குழாய்த் தண்ணிதான் அண்ணாச்சி. இன்னைக்குக் காலையில உங்க வீட்டம்மா எனக்கு முன்ன பிடிச்ச அதே தண்ணி."

"ஆமா, நான்தான் பிடிச்சேன்," என்று சுந்தரம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒப்புக்கொண்டாள்.

துரைப்பாண்டி அதைக் குறித்துக்கொண்டார்.

ஓட்டைக் கரண்டியைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேல் பிடித்து, மாவை வைத்து, உள்ளங்கையால் ஒரே தேய். இருபது வருடம் தேய்த்த கை. சேவு வரிசை வரிசையாக எண்ணெயில் விழுந்து, மிதந்து, சிவந்து வந்தது. பூண்டு வாசனை கோயில் வாசல்வரை போனது.  எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் இரண்டு மூன்று இடங்களில் கேட்டது.

முதல் ஈடு எண்ணெய் வடிகிற அரிப்பில் எடுத்து வேல்சாமியின் முன்னால் வைக்கப்பட்டது. அவர் ஒன்றை எடுத்தார். ஊதினார். வாயில் போட்டுக் கண்ணை மூடினார். இருநூற்று முப்பது பேர் அவர் தாடையைப் பார்த்தார்கள்.

"இது அந்தச் சேவுதான்," என்றார் வேல்சாமி.

கூட்டம் மூச்சு விட்டது. சுயம்புலிங்கமும் விட்டார். ஆனால் வேல்சாமி முடிக்கவில்லை.

"அப்பம் விசயம் இதுதான். சாத்தூர்க்காரி ஞானத்துக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. பெரிய மனசு அவளுக்கு."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. "அதான பாத்தேன்" என்றும், "ரெண்டு பேரும் ராசியாயிட்டாளுவ" என்றும் குரல்கள் கேட்டன. சுந்தரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞானபூரணத்தின் கை கரண்டியின்மேல் நின்றுவிட்டது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

சுயம்புலிங்கம் எழுந்தார். கல்லாப்பெட்டியைப் பார்த்தார், அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு ஆபீசரிடம் சொல்வது வேறு, ஊர் முழுவதற்கும் முன்னால் சொல்வது வேறு.

"சாத்தூர்ல ஒருத்தியும் இல்ல!" என்று கத்தினார். "நான் சாத்தூரப் பாத்ததே போன வெள்ளிக்கிழமதான். பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம் போணும்னு தெரியாம ஆத்துல போயி நின்னேன். இந்தா இருக்காருல்லா ஆபீசரு, கேளுங்க. வாரவாரம் இந்த வீட்டுலருந்து நாலு டின்னத் தள்ளிக்கிட்டு ரெண்டு மைல் போயி, அங்கனருந்து பஸ் ஏறி இங்கன வந்து எறங்குனேன். போதுமா? சாத்தூர்ச் சேவு, சாத்தூர்ச் சேவுன்னு நீங்கதான்வே சொன்னிய. மொதல்ல சொன்னது நான் இல்ல!"

 எல்லோரும் மூக்காண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஆகாயத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதலில் சிரித்தது சுந்தரம்மாள். "நாலு டின்னையுமா அண்ணாச்சி? இருவது வருசமாவா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "அப்பம் நான் குடுத்த சாம்பாரு?" என்றாள்.

"உப்புக் கொறவா இருந்துச்சுக்கா," என்றாள் ஞானபூரணம்.

அதற்குமேல் யாராலும் கோபப்பட முடியவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும், "அப்ப இருவது வருசமா எங்கள ஏமாத்திருக்கீரு" என்று முறையாக ஆரம்பித்தார். "சேவு நல்லாத்தானடே இருந்துச்சு, வழிய விடு" என்று பக்கத்தில் இருந்தவர் அவரைத் தள்ளிக்கொண்டு அரிப்பை நோக்கி நகர்ந்தார்.

வேல்சாமியின் நிலைதான் சிக்கலாக இருந்தது. வைப்பாற்றுத் தண்ணீர் என்று இருபது வருடம் சொன்ன நாக்கு. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஒரு ஈட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் கம்பீரமாக. "அடுத்த ஈடு வரட்டும்."

அவர் நான்கு ஈடுவரை விசாரணை நடத்தினார். முடிவில் விரலை நக்கிக்கொண்டு, மனுவில் போட்ட கையெழுத்தைத் தானே அடித்துவிட்டு, மற்ற முப்பத்து மூன்று கையெழுத்துக்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிப் பாத்திரக்கடைக்குப் போனார். துரைப்பாண்டி, 'லேபிளில் கண்ட விவரம் உண்மை' என்று நோட்டில் எழுதி, கீழே ஞானபூரணத்திடம் கையெழுத்து வாங்கினார். பிறகு கால் கிலோ வாங்கிக் காசு கொடுத்தார். கொதிக்கக் கொதிக்க எடைபோட்டுக் கொடுத்ததால் அதற்கு லேபிள் தேவையில்லை என்றும் விளக்கினார். யாரும் கேட்கவில்லை.

இருந்தாலும் உள்ளூர்க்காரர்கள் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். தின்பதற்கு வந்தார்கள், வாங்குவதற்கு யோசித்தார்கள். பொட்டலங்களின் அடுக்கு அப்படியே இருந்தது. தபசன்று காலையில் சுயம்புலிங்கம் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குமேல் தெருவில் நடக்க இடமில்லை. ராயகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் கூட்டத்தில் நெருக்கித் தள்ளப்பட்டுக் கடைமுன் ஒதுங்கியது. தலையில் துண்டு கட்டிய பெரியவர், கூடப் பத்துப் பதினைந்து பேர்.

"ஏ அண்ணாச்சி, சங்கரன்கோவில் சேவு இருக்கா?"

சுயம்புலிங்கம் அந்த வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து இதுவரை கேட்டதில்லை. பெரியவரையே விழித்துப் பார்த்தார்.

"என்னவே முழிக்கீரு? அவ்வளவு தூரத்துலருந்து சாமி பாக்க வந்துட்டு, இந்த ஊருச் சாமான் ஒண்ணு கொண்டுபோகாம எப்படி வீட்டுக்குப் போறது? இருக்கா, இல்லயா?"

"எத்தன வேணும்?" என்று உள்ளேயிருந்து ஞானபூரணம் கேட்டாள்.

"ஒரு இருவது குடு தாயி. ஆனா அசலா இருக்கணும். வெளியூர்ச் சரக்க இந்த ஊருதுன்னு தலையில கட்டிருவாங்க. எங்களுக்குத் தெரியாதா?"

ஞானபூரணம் ஒரு பொட்டலத்தை எடுத்து, சீட்டுத் தெரியும் பக்கமாகத் திருப்பி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"படிச்சுக்கிடுங்க."